நான் கொடுத்த இரும்பு

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் வாரம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும், பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். நீல நிற மாத்திரை. வயிற்றைப் புரட்டும் என்று பாதிப் பேர் அதை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து ஜன்னல் வழியே துப்பிவிடுவார்கள். வகுப்பறைச் சுவரின் வெளிப்பக்கம் நீலம் வழிந்து காய்ந்திருக்கும். அதனால் நானே வரிசையின் முன்னால் நின்று, ஒவ்வொருத்தியாக, "வாயைத் தெற, நாக்கைத் தூக்கு" என்று சொல்லிப் பார்த்த பிறகே அனுப்புவேன். யாருக்கு ரத்தம் குறைவு என்பதைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. அரிசி தின்கிற பிள்ளை, சாக்பீஸ் தின்கிற பிள்ளை, படி ஏறினால் மூச்சு வாங்குகிற பிள்ளை. பரிசோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏழோ எட்டோதான் இருக்கும். நான் சொன்னது தவறியதில்லை.

அந்தப் பெருமைதான் என் மனைவியின் பேச்சைக் கெடுத்தது. எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் இந்த ஒரு வரியை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலம் அது. பொன்னமராவதி அரிசி மண்டி, ஆலங்குடி தேங்காய்க் கடை என்று பெயரைச் சொன்னால் போதும். டைரக்டரியைப் புரட்டாமல் எண்ணைப் போடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் கேஸ் ஏஜென்சி நம்பரோ ஆட்டோக்காரர் நம்பரோ வேண்டுமென்றால் எங்கள் வாசலில் வந்து நின்றுதான் கேட்பார்கள். கீரை ஆய்ந்துகொண்டே பத்து எண்ணையும் சொல்வாள். செல்போனில் யார் எண்ணையும் அவள் பதிந்து வைத்ததில்லை. எனக்கோ என் எண்ணே தடுமாறும். "ஒங்க நம்பரையும் நாந்தான் சொமக்கணுமா?" என்பாள்.

அறுபத்தேழு வயதில் அவள் முகம் சிவக்கத் தொடங்கியது. உள்ளங்கைகளும் சிவந்தன. பொன்னமராவதியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது உறவுப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இவளுக்கு மட்டும் வயது இறங்கிக்கொண்டு போகிறது என்று கேலி செய்தார்கள். நான் பக்கத்தில் பெருமையாக நின்றேன். குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். சோப்பை மாற்றச் சொன்னேன். பாதம் எரிகிறது என்று ஈரத்துணியை விரித்து அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்தாள். வெயில் என்றேன். தலைவலி என்றாள். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றேன். எதைச் சொன்னாலும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

ஒரு நாள் காலையில், திருச்சியில் வங்கி வேலையில் இருக்கும் எங்கள் மகளோடு பேசுவதற்காகப் போனை எடுத்தாள். ஆறு எண்களை அழுத்தினாள். விரல் நின்றுவிட்டது. அழித்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள்.

"ஏங்க, அவ நம்பர்ல இதுக்கு அடுத்து என்ன?"

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன, எக்ஸ்சேஞ்சுல லைன் கட்டா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியின் இடது பக்கத்தை விரலால் தொட்டாள். "அங்கிட்டுப் போய்ப் பார்த்தா ஒண்ணுமே இல்லைங்க. வெறும் எடமா இருக்கு" என்றாள்.

அதையும் நான் வயது என்று சொன்னேன். அதன் பிறகு பால் பொங்கி அடுப்பு அணைவதும், பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் எங்கோ பார்ப்பதும், ஒரே கேள்வியைக் கால் மணி நேரத்தில் இரண்டு முறை கேட்பதும் வழக்கமாயின. நான் கோபப்பட்டேன். ஆசிரியர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மறதியைக் கவனக்குறைவு என்றே நினைப்பார்கள்.

மகள்தான் ஒரு விடுமுறைக்கு வந்தபோது அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ரத்தம் பரிசோதிக்க வைத்தாள். ஹீமோகுளோபின் பதினெட்டரை. கூடப் போயிருந்த எனக்கு ஒரே சந்தோஷம். என் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பங்கு போடலாமே என்றேன். அந்தப் பரிசோதனைக்கூடத்துப் பெண் சிரிக்கவில்லை. இன்னொரு கையில் மறுபடியும் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே டாக்டரைப் பாருங்கள் என்றாள். புதுக்கோட்டை டாக்டர் திருச்சிக்கு அனுப்பினார். அங்கே ரத்த நோய்களை மட்டும் பார்க்கிற ஓர் அம்மையார் இருந்தார்.

நோயின் பெயர் பாலிசைத்தீமியா வேரா. அரிதாக வருவது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை அளவு தெரியாமல் சிவப்பணுக்களைச் செய்துகொண்டே இருக்கும். ரத்தம் நீராக ஓடாமல் ஆறிப்போன கஞ்சிபோல நகரும். மூளையில் இருக்கிற குழாய்கள் மயிரிழை போன்றவை. கஞ்சி அங்கே தயங்கித் தயங்கித்தான் போகும். தலைவலி, மறதி, பேச்சுக்கு நடுவே வெறித்துப் பார்ப்பது எல்லாம் அந்தத் தயக்கத்தால் வருபவை. எங்காவது ஓர் இடத்தில் உறைந்து நின்றுவிட்டால் பக்கவாதம். டாக்டரம்மா இதை ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். முகம் சிவந்தது ஆரோக்கியத்தால் இல்லை என்று அவர் சொன்னபோது என் மகள் என்னைப் பார்த்தாள்.

வைத்தியம் எனக்கு விசித்திரமாக இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு பை ரத்தத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். தினமும் சிறிய ஆஸ்பிரின் ஒன்று. அணுக்களின் உற்பத்தியைக் குறைக்க ஒரு கேப்ஸ்யூல். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும் பி.சி.வி. என்ற கணக்கு நாற்பத்தைந்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஆபத்து.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். "சார், ரத்தம் எடுக்க எடுக்க ஒடம்புல இரும்பு கொறையும். ரிப்போர்ட்ல ரொம்பக் கீழ காட்டும். பயந்துறாதீங்க. அது கொறையணும்னுதான் எடுக்குறோம். இரும்பு கெடச்சா மஜ்ஜை மறுபடி செவப்பணுவைச் செஞ்சு தள்ள ஆரம்பிச்சுரும். மாத்திரை, டானிக் எதுவும் குடுத்துறக் கூடாது."

எனக்கு அது தெரியாது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. என் நோட்டுப் புத்தகத்தில் 'இரும்பு கூடாது' என்று எழுதி, கீழே சிவப்புக் கோடும் போட்டேன். அந்த நோட்டு இப்போதும் இந்த மேசை மேல்தான் இருக்கிறது.

நான்கு பைகள் எடுத்த பிறகு அவள் திரும்பி வந்தாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு காலை நேரம் இட்லி வேகும் வரை அடுப்பங்கரையில் நின்றபடியே மகளுடைய எண், மருமகனுடைய எண், தன் அண்ணன் எண், நாற்பது வருடத்துக்கு முந்திய அரிசி மண்டியின் மூன்று இலக்க எண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அரிப்பும் குறைந்திருந்தது. தலைவலி இல்லை. மூளையைப் பற்றி அந்த அம்மையார் படம் போட்டுச் சொன்னதெல்லாம் என் கண் முன்னால் நிரூபணமாகியிருந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் நான் பிறகு செய்ததைச் செய்தேன்.

ஏழெட்டு மாதம் போனது. அவள் வெளுக்கத் தொடங்கினாள். தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. கோயில் வரைக்கும் நடந்தால் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு நாள் மதியம் சமையலறையிலிருந்து நறநறவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்வது போலவே வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

முப்பது வருடமாக நான் கண்டுபிடித்து வந்த அடையாளம் என் வீட்டு அடுப்பங்கரையில் நின்றது. அந்த மாத ரிப்போர்ட்டில் இரும்புச் சேமிப்பு நான்கு என்று இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, நல்லது, இப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஆலங்குடியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். தென்னையும் கடலையும் போட்டிருப்பவர். தங்கை நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு என்னிடம், "மாப்ள, தென்னையில கள்ளு எறக்குற மாதிரி மாசா மாசம் என் தங்கச்சிகிட்ட எறக்குறாங்களே, மரம் தாங்குமா? நீங்கள்லாம் படிச்சவங்கன்னு பேசாம இருக்கேன்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் மேல் நான் பழி போட மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் செய்திருப்பேன்.

மறுநாள் மருந்துக் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கினேன். அதற்குச் சீட்டு யாரும் கேட்பதில்லை. அட்டையிலிருந்து பிரித்து, பழைய கால்சியம் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"இது என்ன புதுசா?"

"கால்சியம். எலும்புக்கு."

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"ஆமா" என்றேன்.

அவள் வாங்கி விழுங்கினாள். நான் விளையாட்டாக, "நாக்கைத் தூக்கு" என்றேன். "வேற வேலை இல்லை ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, தூக்கிக் காட்டினாள். அப்புறம் அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. நான் சொல்லாமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். இருவரும் சிரிப்போம்.

அவள் தேறினாள். அதுதான் கொடுமை. மூன்று வாரத்தில் அரிசி டப்பாவை மறந்தாள். கோயிலுக்கு உட்காராமல் போய் வந்தாள். முகத்தில் நிறம் வந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பை எடுக்க வேண்டிய வாரத்தில் ஆலங்குடியில் அவள் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். இந்தத் தடவை விட்டுவிட்டு அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ரத்தம் எடுக்கிற அன்று மகள் விடுப்புப் போட்டு வருவாள். அவளிடம் டாக்டரே தள்ளிப்போடச் சொன்னதாகச் சொன்னேன். ஆக, இரண்டு பொய் ஆயிற்று.

காதுகுத்து முடிந்து வந்த ஆறாம் நாள் காலையில் அவள் கூடத்தில் உட்கார்ந்து மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்தேன். போன் தரையில் கிடந்தது. அதிலிருந்து மகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது சன்னமாகக் கேட்டது. இவள் தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். பிறகு அவள் கண்ணில் ஒரு பயம் வந்தது. அந்தப் பார்வையை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் புதுக்கோட்டை மருத்துவமனைக்கும் அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருச்சிக்கும் போனோம். மூளையின் இடது பக்கத்தில், பேச்சு இருக்கிற இடத்துக்குப் போகும் குழாயில், ரத்தம் உறைந்திருந்தது. பி.சி.வி. ஐம்பத்தாறு.

இரண்டாம் நாள் டாக்டரம்மா என்னையும் மகளையும் தனியாக அழைத்தார். ஒரு தடவை தள்ளிப்போனதால் மட்டும் இவ்வளவு ஏறாதே என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். "இரும்பு மாத்திரை, டானிக், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா சார்?"

"இல்லைங்க" என்றேன்.

கேள்வி முடிவதற்குள் அந்தப் பதில் வந்துவிட்டது. மாணவனிடம் இப்படி ஒரு பதிலைக் கேட்டால் அடுத்த நொடியே பொய் என்று கண்டுபிடித்துவிடுவேன். அந்த அம்மையார் கண்டுபிடிக்கவில்லை. என் வயதும் என் படிப்பும் என்னைக் காப்பாற்றின. அப்படியானால் நோய்தான் மருந்தை மீறி ஓடுகிறது என்று அவர் முடிவு செய்து, ஒரு கேப்ஸ்யூலை மூன்றாக்கினார். ஊருக்கு வந்ததும் டப்பாவில் மீதியிருந்த மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

என் பொய் அந்தக் கழிவறையோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. ஆனால் அது போகவில்லை. மூன்று கேப்ஸ்யூல் அவள் வாயைப் புண்ணாக்கியது. உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம், தொண்டை வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் புண். ரசம் சாதத்தைக் கரைத்துக் கொடுத்தால் அழுவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், வாய் திறக்கவே வலிக்கும்போது எப்படிப் பேச வைப்பது என்று பாதியில் நிறுத்திவிட்டுப் போனாள். 'தண்ணி' என்ற சொல்லும் 'வேணாம்' என்ற சொல்லும் திரும்பியிருந்தன. எண்கள் எதுவும் வரவில்லை. பேச்சு திரும்ப வேண்டுமானால் முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாதங்களை நான் வீணாக்கிக்கொண்டிருந்தேன். தினமும் மூன்று கேப்ஸ்யூலையும் என் கையால்தான் கொடுத்தேன். கொடுத்ததும் அவள், அத்தனை வலியிலும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். வேடிக்கை மறந்துபோய் வழக்கம் மட்டும் அவளிடம் தங்கியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் திருச்சிக்குப் போனபோது டாக்டரம்மா ரிப்போர்ட்டை வெகு நேரம் பார்த்தார். மருந்துக்கு வெள்ளையணு இறங்குகிறது, சிவப்பணு மட்டும் எடுக்க எடுக்க ஏறுகிறது, இது எனக்குப் புரியவில்லை என்றார். நோய் வேறு ஏதாவதாக மாறுகிறதா என்று பார்க்க, இடுப்பு எலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். ரத்தத்தில் இரும்பின் அளவையும் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். மகள் தாழ்ந்த குரலில், "ரொம்ப வலிக்குமா டாக்டர்?" என்று கேட்டாள். என் மனைவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனசாட்சி உறுத்தியதால் அப்போது உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. முழுதும் அப்படி இல்லை. அந்தச் சீட்டு என் கையில் இருந்தது. அதைத் தொலைத்துவிட முடியுமா என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டைப் பைக்குள் மடித்தும் வைத்துவிட்டேன். அப்போது நர்ஸ் ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்து இவளிடம் கொடுத்தார். விழுங்கிவிட்டு, யாரும் கேட்காமலே, இவள் அந்த நர்ஸிடம் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நாக்கின் அடியிலும் புண். நர்ஸ் சிரித்துவிட்டு, "யாரும்மா ஒங்களுக்கு இதைப் பழக்குனது?" என்றார்.

"நான்தான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வாரம், என்ன மாத்திரை, எந்த டப்பா, பை எடுப்பதைத் தள்ளிப்போட்டது யார் என்று.

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை எடுத்து மஜ்ஜைச் சோதனை என்று எழுதியிருந்ததை அடித்தார். கேப்ஸ்யூலை மூன்றிலிருந்து ஒன்றாக்கினார். தேங்கியிருக்கும் இரும்பு தீரும் வரை வாரம் ஒரு பை எடுக்க வேண்டும் என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தப் புண்ணு வந்திருக்காது சார்" என்று மட்டும் சொன்னார்.

மகள் அழுதாள் என்று சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அவள் அழவில்லை. வாசலில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, "அப்பா, அந்தத் தடவை நான் லீவு போட்டு வந்து கூட்டிட்டுப் போகாததாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சுன்னு ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துலயேதான் இருந்தீங்க" என்றாள்.

மனைவியிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் அறையில் அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. மறுநாள் காலை அவள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். கால்சியம் இல்லை. இரும்பு. டாக்டர் சொல்லவில்லை. நான்தான். அதனால்தான் கை. அதனால்தான் பேச்சு. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் முகத்தில் எதையோ தேடுவது போல இருந்தது. பிறகு இடது கையை நீட்டி, "காட்டு" என்றாள். நாற்பத்தைந்து வருடத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியதில்லை. சொல் திரும்பிய கோலத்தில் அப்படி வந்ததா, அப்படித்தான் சொல்ல நினைத்தாளா, நான் கேட்கவில்லை.

அவள் கேட்டது அன்றைய மாத்திரைகளை. அட்டைகளைக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு போனை எடுத்துக் கொடு என்று சைகை செய்தாள்.

இது நடந்து ஒன்பது மாதமாகிறது. புண் ஆறிவிட்டது. பி.சி.வி. நாற்பத்துமூன்றில் நிற்கிறது. அரிசி டப்பா அவள் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கிறது. தின்றால் நான் பார்க்காதது போல இருக்கிறேன். சின்ன வாக்கியங்கள் பேசுகிறாள். நாக்கைத் தூக்கிக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அட்டைகளைத் தானே படித்துவிட்டு, மகளுக்குப் போன் செய்து பெயர்களைச் சொல்லி, சரி என்று அவள் சொன்ன பிறகே விழுங்குகிறாள். என்னிடம் கேட்பதில்லை.

அந்தப் போனைத் தானே போட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். மகள் தன் எண்ணைப் பதிந்து கொடுத்தாள். இவள் அதை அழிக்கச் சொல்லிவிட்டாள். முதல் ஆறு எண்கள் இப்போது தடங்கல் இல்லாமல் வருகின்றன. ஏழாவதில் நின்றுவிடும். தோன்றியதைப் போட்டுப் பார்ப்பாள். வேறு யார் யாருக்கோ அழைப்பு போகும், மன்னிப்புக் கேட்டு வைப்பாள், மறுபடி தொடங்குவாள். சில நாள் பத்து நிமிடத்தில் கிடைக்கும். சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த எண் இப்போது எனக்கு மனப்பாடம். முதல் வாரம் ஒரு நாள் பொறுக்காமல் ஏழாவது எண்ணைச் சொல்லிவிட்டேன். அவள் போனை அணைத்துவிட்டு, முழுதும் அழித்து, முதலிலிருந்து தொடங்கினாள்.

அதன் பிறகு நான் சொல்வதில்லை. தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.